ஒன்பது ஊர் வேண்டாம்

தெல்தோட்டை

அன்பு மருமகளுக்கும் மாப்பிள்ளைக்கும் மாமா எழுதுவது.

நீங்கள் அனுப்பிய பயணத் திட்டம் வந்து சேர்ந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார், நான் விரல் விட்டு எண்ணினேன். பாரிஸ், பிரசல்ஸ், அம்ஸ்டர்டாம், பேர்லின், பிராக், வியன்னா, வெனிஸ், ரோம், சூரிச். 13 இரவுக்கு 9 ஊர். வாசித்து முடித்ததும் அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "இதுக ரெண்டும் எப்பத் தூங்கும்?"

நானும் அதையேதான் கேட்கிறேன், கொஞ்சம் கணக்கோடு. ஊர் மாறுகிற நாளில் பாதி நாள் வீண். காலையில் பெட்டி கட்ட வேண்டும். 11 மணிக்குள் ஹோட்டல் அறையை விடச் சொல்வார்கள். போய்ச் சேருகிற ஊரில் பின்னேரம் 3 மணிக்கு முன் அறை கிடைக்காது. நடுவில் பெட்டியை இழுத்துக்கொண்டு எந்த மேடை என்று தேடித் திரிய வேண்டும். 9 ஊர் என்றால் இந்தக் கூத்து 8 தடவை. நாலு முழு நாள் அதிலேயே போய்விடும். கண்டியில் ஏறிய ஒருவன் ஹட்டன், நானுஓயா, பட்டிப்பொல, எல்ல என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்த கோச்சிக்கு ஓடினால் அவனை நாம் என்ன சொல்வோம்?

ஆகவே நான் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். வாத்தியார் புத்தி போகாது. பாரிஸில் 4 இரவு. பாசலில் நம்ம மூத்தவன் வீட்டில் 4. கூர் என்ற மலையடிவார ஊரில் 1. மிலானில் 3. கடைசி இரவு சூரிச், மறுநாள் அங்கிருந்தே விமானம். பாரிஸில் இறங்கிச் சூரிச்சில் ஏறுகிற மாதிரி ஒரே விமான டிக்கட் எடுக்கலாம். வந்த ஊருக்கே திரும்பிப் போக ஒரு நாளைச் செலவழிக்காதீர்கள். பிராக், வியன்னா, ரோம் எல்லாம் அடுத்த தடவைக்கு. லண்டனில் சித்தி கூப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறாய். கூப்பிடட்டும். ஷெங்கன் விசாவோடு லண்டன் ரயிலில் ஏற முடியாது. அதற்குத் தனி விசா, தனிக் காசு.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த நாட்டில் கூடுதல் நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. என் கணக்கில் சுவிஸ் 6 இரவு, பிரான்ஸ் 4, இத்தாலி 3. ஆகவே சுவிஸ். மூத்தவன் அழைப்புக் கடிதம் தருவான். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி. பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்னாலேயே விண்ணப்பிக்க விடுகிறார்கள். கடைசி 15 நாள் வரை இழுக்காதே. விண்ணப்பிக்கிறதுக்கு முந்தின வாரம் யாரிடமாவது கைமாற்று வாங்கி வங்கியில் போட்டுக் கணக்கைக் கொழுக்க வைக்கிற வேலை வேண்டாம், பார்க்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். விசா கையில் வரும்வரை காசு திரும்பாத டிக்கட் எதையும் வாங்காதீர்கள். முன்பு கடவுச்சீட்டில் முத்திரை குத்துவார்கள். 2025 ஒக்டோபரிலிருந்து முகப்படம், கைரேகை பதிகிற புதிய முறைக்கு மாறத் தொடங்கினார்கள். வரிசை நீளலாம், அதனால் விமானம் இறங்கிய இரண்டு மணித்தியாலத்தில் ரயில் பிடிக்கிற துணிச்சல் வேண்டாம்.

யூரெயில் பாஸ் எடுக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். 9 ஊர்த் திட்டத்துக்கு அது சரியாக இருந்திருக்கும். என் திட்டத்தில் நீண்ட பயணம் மூன்றோ நாலோதான், பாஸ் விலைக்கு ஈடாகாது. இன்டர்ரெயில் மலிவு என்று யாராவது சொன்னால், அது ஐரோப்பாவில் குடியிருக்கிறவர்களுக்கு. மூத்தவன் உங்களுக்காக வாங்கித் தர முடியாது. பாஸ் இருந்தாலும் பிரான்சின் அதிவேக ரயிலில் ஆசனத்துக்குத் தனியாகக் காசு கட்டி முற்பதிவு செய்தே ஆக வேண்டும். அந்த ரயிலுக்கு டிக்கட் விமானம் மாதிரி, நாள் நெருங்க நெருங்க ஏறும். ஆகவே பாரிஸ் – பாசல் டிக்கட்டை விசா வந்த அன்றைக்கே வாங்கிவிடு. சுவிஸ் உள்ளூர் ரயில் அப்படியில்லை. அன்றைக்கு வானத்தைப் பார்த்துவிட்டு வாங்கினாலும் போதும். ஒரு மாதத்துக்கு அரைக் கட்டண அட்டை ஒன்று விற்கிறார்கள், உங்களுக்கு அதுதான் பொருத்தம்.

இன்னொன்று, பாரிஸில் ஒரே ஸ்டேஷன் என்று நினைத்துவிடாதே. பாசல் ரயில் லியோன் ஸ்டேஷனில் புறப்படும். வடக்கு ஸ்டேஷன் வேறு, அதன் பின்பக்கம்தான் லா ஷப்பேல், நம்ம ஆட்களின் கடைத்தெரு. கொத்து ரொட்டி வேண்டுமென்றால் அங்கே ஒரு வேளை சாப்பிடுங்கள். ஒரு வேளை போதும். கொத்து ரொட்டிக்குப் பாரிஸ் வரை போக வேண்டியதில்லை.

இனி எங்கள் கதை. 2018இல் நானும் அத்தையும் போனபோது நடந்தது. மலிவு என்று இரண்டு ரயிலுக்கும் தனித்தனியாக டிக்கட் எடுத்திருந்தேன். நடுவில் ஒரு பெரிய சந்தி ஸ்டேஷனில் மாறுவதற்கு 9 நிமிடம். முதல் ரயில் 25 நிமிடம் தாமதம். மேடைக்கு ஓடிப்போனால் மற்றதன் பின்விளக்கு தெரிகிறது. கவுன்டரில் கேட்டேன்: இது அந்த ரயிலுக்கு மட்டுமான டிக்கட், புதிதாக வாங்குங்கள் என்றார்கள். அவர்கள் மேல் பிழையில்லை. புறப்படுகிற ஊரிலிருந்து போய்ச் சேருகிற ஊர் வரை ஒரே டிக்கட்டாக எடுத்திருந்தால் அடுத்த ரயிலில் ஏற்றியிருப்பார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் கட்டணத்தில் கால்வாசி, இரண்டு மணித்தியாலம் என்றால் பாதி திருப்பிக் கேட்கிற உரிமை கூட அங்கே உண்டு. எனக்குத்தான் அது தெரியவில்லை. ஜெர்மன்காரன் ரயில் நேரம் தவறாது என்று எங்கள் காலத்தில் படித்தோம், நானே பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். 2024இல் அந்த நாட்டுத் தூர ரயில்களில் 62.5 வீதம்தான் நேரத்துக்கு வந்திருக்கின்றன. நம்ம பொடிமெனிக்கே ரயில் மேல் என்று சொல்ல வரவில்லை, ஆனாலும்.

காசு போனது இரண்டாம் பட்சம். அந்த மேடையில் ஒரு இரும்பு வாங்கில் நானும் அத்தையும் ஆளுக்கொரு மூலையில் ஒன்றரை மணித்தியாலம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அத்தை முதல் நாளே கேட்டிருந்தார், "9 நிமிஷம் காணுமா?" என்று. காணும் என்றேன். 31 வருடக் குடித்தனத்துக்கே அந்தப் பாடு என்றால் உங்களுக்குக் கலியாணமாகி ஒன்றரை வருடம். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் டிக்கட், மேடை, வழி எல்லாம் உன் பொறுப்பு; மறுநாள் மாப்பிள்ளை பொறுப்பு. பொறுப்பில்லாதவர் அன்று முழுக்க வாய் திறக்கக் கூடாது. பிழையான ரயிலில் ஏறினாலும் சரி. மாறுகிற இடத்தில் 40 நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயம். கூரிலிருந்து இத்தாலி எல்லையிலுள்ள திரானோ வரை ஒரு சிவப்பு ரயில் பாதை இருக்கிறது. அதன் பெரும்பகுதியை யுனெஸ்கோ 2008இல் உலக மரபுரிமையில் சேர்த்தது. அந்தப் பாதையில் பெரிய கண்ணாடி போட்ட சுற்றுலா ரயில் ஒன்று ஓடுகிறது, முற்பதிவு கட்டாயம். அதை எடுக்காதீர்கள். அதே தண்டவாளத்தில் சாதாரண ரயிலும் போகிறது, அதே மலை, அதே பனி, சில பெட்டிகளில் சன்னலை இறக்கலாம். இடையில் மாறி ஏற வேண்டும், அவ்வளவுதான். எல்லவுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் குளிரூட்டிய பெட்டியை விட்டுவிட்டு மூன்றாம் வகுப்பு வாசலில் ஏன் தொங்குகிறார்கள்? காரணம் இருக்கிறது. (நீங்கள் தொங்க வேண்டாம்.) பட்டிப்பொலவில் 6,226 அடி என்று பலகை பார்த்துப் பெருமைப்படுகிறோமே, இந்த ரயில் பல்சக்கரம் எதுவும் இல்லாமல் 2,253 மீற்றர் வரை ஏறுகிறது. இறங்கும்போது புரூசியோ என்ற இடத்தில், வெட்டவெளியில், கல்பாலத்தின் மேல் ஒரு வட்டம் அடித்துத் தன் பாதைக்குக் கீழேயே நுழைந்து போகும். நம்ம தெமோதரைச் சுற்றுப் பாதையையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினது போல. அந்தப் பாலத்துக்கும் ஒன்பது வளைவுதான், 1908இல் திறந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெமோதரைங்க!" என்று கத்திவிட்டார். பெட்டியில் யாருக்கும் விளங்கவில்லை.

மிலானிலிருந்து திரும்பும்போது இன்னொரு காரியம். நேராகச் சூரிச் போகிற ரயில் 57 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் அடிவாரச் சுரங்கத்தில் நுழைந்துவிடும். 2016இல் திறந்தது, பெரிய சாதனை, ஆனால் இருபது நிமிடம் இருட்டு. நீங்கள் பெலின்சோனாவில் இறங்கிப் பழைய மலைப்பாதை ரயிலுக்கு மாறுங்கள். ஐரோலோ என்ற சின்ன ஸ்டேஷன் வரும். அங்கே இறங்கி அடுத்த ரயில் வரும்வரை நில்லுங்கள். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம். வின்சென்சோ வேலா என்ற சிற்பி செய்தது. செத்த தொழிலாளி ஒருவனைத் தூக்குப்படுக்கையில் போட்டு மற்றவர்கள் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 1872 முதல் 1882 வரை அந்த 15 கிலோமீற்றர் பழைய சுரங்கத்தைக் குடைந்தபோது 200 பேரளவில் செத்தார்கள், பெரும்பாலும் இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள். 1875இல் வேலை நிறுத்தம் செய்தவர்களைச் சுட்டதில் நாலு பேர் போனார்கள். ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ர் கூட 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே மூச்சை விட்டார்.

நான் அதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். நம் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற மலைகளுக்கு அந்தப்பக்கம்தான் லூல்கந்துர. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம். கண்டிக்கு முதல் கோச்சி வந்ததும் அதே 1867. டெய்லரின் பெயர் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது, மகியாவ மயானத்தில் கல்லறை இருக்கிறது. கடுகண்ணாவ மலையைக் கல்லுடைத்து அந்தப் பாதை போட்டவர்களில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்த நம்ம ஆட்கள் எத்தனை பேர்? அவர்களைத் தூக்கி வருகிற மாதிரி ஒரு சிற்பத்தை நம்ம ஸ்டேஷன்கள் எதிலும் நான் பார்த்ததில்லை. மேலே நான் சொன்னதெல்லாம் மாறினாலும் பரவாயில்லை, ஐரோலோவில் மட்டும் இறங்காமல் போகாதே. அங்கிருந்து வடக்கே போகையில் வாசன் ஊர் வெள்ளைத் தேவாலயம் மூன்று தரம் தெரியும்: முதலில் கீழே, பிறகு நேரே, கடைசியில் தலைக்கு மேலே. ரயில் மலைக்குள் சுற்றிச் சுற்றி இறங்குவதால் அப்படி.

சில்லறை விஷயங்கள். இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் கடதாசி டிக்கட் தந்தால் ஏறுமுன் மேடையிலுள்ள பெட்டியில் முத்திரை குத்த வேண்டும், இல்லாவிட்டால் தண்டம். கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அமுக்கு. சில ரயில்கள் பாதிவழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். பெட்டிக் கதவில் எழுதியிருக்கிற ஊரைப் பார்த்து ஏறு. ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு போவது நல்லதுதான், மூடின அதிவேகப் பெட்டிக்குள் மட்டும் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதே. மாசி வாசம் சீட்டுத் துணியில் ஏறிவிடும், நாங்கள் பிரித்துப் பார்த்துவிட்டோம். அம்மா பச்சைக் கறிவேப்பிலை கொடுத்தனுப்பப் பார்ப்பார். சான்றிதழ் இல்லாமல் அதை உள்ளே விடமாட்டார்கள், தேயிலைத் தூள் கொண்டுபோ. பாசலிலிருந்து பேர்ண் ஒரு மணித்தியாலம். அங்கே ஐரோப்பாத் திடலில் கோவில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த நிலையம் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். தெல்தோட்டை டவுனில் வளர்ந்த உனக்கு அது அதிசயமாக இராது, மாப்பிள்ளைக்குக் காட்டு.

பெட்டி ஆளுக்கு ஒன்று, சின்னது. அங்கே சுமைதூக்க ஆள் கிடையாது, மின்தூக்கி இல்லாத ஸ்டேஷனும் உண்டு. பஸ் ரோட்டிலிருந்து நம் வீட்டுக்கு 64 படி, உனக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை கலஹா பஸ்ஸில் இரண்டு பேரும் வாருங்கள், கொண்டுபோகப் போகிற பெட்டிகளை நிரப்பி எடுத்துக்கொண்டு. அவரவர் பெட்டியை அவரவரே தூக்கிக்கொண்டு நிற்காமல் ஏறிவர வேண்டும். நான் மேலே திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பேன். மூச்சு வாங்கினால் அங்கேயே பெட்டியைத் திறந்து பாதியை எடுத்து வெளியே போடுவார் அத்தை. பகல் சாப்பாடு இங்கே.

ஐரோலோவில் நான் எடுத்த படத்தில் என் பெருவிரல் விழுந்துவிட்டது. நீ நல்லதாக ஒன்று எடுத்து வா.

அன்புடன்,
மாமா