வில்லும் தாவலும்

முற்காலத்தில் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் பாரம் ஏற்றக் கட்டை வண்டியும், அமர்ந்து செல்ல வில்வண்டியும் இருந்தன. இரண்டும் ஒரே பாதையில் சென்று, ஒரே பள்ளத்தில் இறங்கின. ஆயினும், கட்டை வண்டியில் சென்றவர் இடுப்பு நோக இறங்கினார். வில்வண்டியில் சென்றவர் களைப்பின்றி இறங்கினார். அச்சின்மேல் அமைந்த எஃகு வில்லே இவ்வேற்றுமைக்குக் காரணம்.

கோவையை அடுத்த கலங்கலில் 1893-ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் உழைத்துப் பொருள் சேர்த்து, அதனை 300 ரூபாய்க்கு வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்தார். அக்காலத்து மோட்டார் சைக்கிள்களுள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரத்திற்கு வில் இல்லை. இன்றோ, மண்மேடுகளைத் தாவிக் கடக்கும் பந்தய வண்டியின் சக்கரங்கள் ஏறத்தாழ 30 செ.மீ. மேலும் கீழும் நகர வல்லவை. அத்தகைய பந்தயங்கள் கோவையிலும் நடைபெற்றுள்ளன.

வண்டி மேட்டில் ஏறும்போது சுருள்வில் அமுங்கி ஆற்றலைச் சேமிக்கிறது. விளிம்பை அடையும்போது விரிந்து அதனைத் திருப்பித் தருகிறது. பின்வில் கட்டின்றி விரியுமாயின், வண்டியின் பின்புறம் தூக்கி எறியப்படும். வண்டி தலைகுப்புறச் சாயும். இதனைத் தடுப்பது, வில்லோடு இணைந்த எண்ணெய்க் குழல். அதனுள் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்குண்டு செல்வதால் வில்லின் வேகம் அடங்குகிறது. ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகிறது. தரையை விட்டபின், எறிந்த கல்லுக்குப் போலவே, புறப்பட்ட வேகமும் கோணமுமே வண்டியின் பாதையை வகுக்கின்றன.

வில்லின் அருமை தரையிறங்கும்போதே விளங்கும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழும் உடல், தரை தொட்டபின் 30 செ.மீ. தொலைவு இறங்கிச் சீராக நின்றால், அதனைத் தாங்கும் விசை அதன் எடையைப்போல் ஆறு மடங்காகும். ஐந்து செ.மீ. தொலைவிலேயே நிற்க நேர்ந்தால், அவ்விசை 31 மடங்காகும். ஆதலின் தேர்ந்த ஓட்டுநர் இறங்குசரிவை நோக்கித் தாவுவார். இருக்கையை விட்டெழுந்து முழங்காலை மடக்கி நிற்பார். அவர் கால்களும் விற்களாகின்றன.

தெருவில் ஓடும் வண்டியின் வில்லோ சிறு பள்ளங்களுக்கென அமைந்தது. அதன் அசைவும் குறைவு. அதனை வேகத்தடையின்மேல் பாயவிடும் இளைஞனுக்கு, வில் அமுங்கி முடிந்தபின் எஞ்சிய அடியைத் தாங்குவது அவனுடைய முதுகெலும்பே. மாணவர்களே! கருவியின் ஆற்றலோடு அதன் எல்லையையும் அறிதலே உண்மைக் கல்வியாகும்.