பயணத்திற்கு ஏற்ற அடுப்பும் பாத்திரமும்



தைப்பூசத்தையொட்டிப் பழனிக்கும், செப்டம்பர் திருவிழாவையொட்டி வேளாங்கண்ணிக்கும் நடந்து செல்வோரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். நம் அவனியாபுரத்திலிருந்து தாய், தந்தை, இரு பிள்ளைகள் என நால்வர் அவ்வாறு புறப்பட்டு, வழியில் தாங்களே சமைத்து உண்ண விரும்பினால் எதைச் சுமந்து செல்வது? மனையியல் பயிலும் நாம் இதைச் சற்று ஆராய்வோம்.

எல்லோரும் அடுப்பைப் பற்றியே பேசுவர். நாம் பாத்திரத்திலிருந்து தொடங்குவோம். எவர்சில்வர் பார்வைக்கு அழகுதான். ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் சிறந்தது. எடையோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில், சுடர் படும் இடத்தில் மட்டும் சோறு அடிப்பிடிப்பது இதனால்தான். புளிக்குழம்பை மட்டும் அலுமினியத்தில் வைக்க வேண்டாம். புளி அதை அரிக்கும். நால்வருக்கு ஒரு வேளைக்கு 400 கிராம் அரிசி எனக் கொண்டால், 3 லிட்டர் கொள்ளும் அடி அகன்ற பாத்திரம் ஒன்றும், அதனுள் அடங்கும் சிறியது ஒன்றும் போதும். தட்டு மூடியை மறந்தால் எரிபொருள் வீணாகும். நீண்ட கைப்பிடி பைக்குள் அடங்காது. ஓர் இடுக்கி இருந்தால் சரி.

இனி அடுப்பு. நம் பாட்டிமார் காலத்துப் பித்தளை பம்ப் ஸ்டவ்வின் மூதாதை, சுவீடனில் 1892-இல் லிண்ட்குவிஸ்ட் என்பவர் உருவாக்கிய பிரைமஸ். காற்றழுத்தம் மண்ணெண்ணெயைச் சூடான குழாய்க்குத் தள்ள, அங்கே அது ஆவியாகிப் புகையின்றி எரிகிறது. 1953-இல் எவரெஸ்டின் கடைசி முகாமில் ஹிலாரியும் டென்சிங்கும் பனியை உருக்கிக் குடித்தது இவ்வகை அடுப்பால்தான். ஆனால் அடிக்கடி பின் குத்த வேண்டும். எண்ணெய் சிந்தினால் அரிசி மூட்டையே நாறும். திரி ஸ்டவ் எளிது; காற்றில் அலைந்து பாத்திரத்தைக் கரியாக்கும். வீட்டு உருளை 14.2 கிலோ எரிவாயு கொண்டது. அதைச் சுமப்பது பற்றிப் பேச்சே இல்லை. 5 கிலோ உருளைக்கும் இரும்பின் எடை வேறு; வேனில் செல்வோருக்கே அது பொருந்தும். நடப்பவருக்கு, 230 கிராம் வாயு அடைத்த சிறு டப்பாவின் மேல் திருகும் கையடக்க அடுப்பே ஏற்றது என்பது நம் கருத்து. பாத்திரம் சாயாதபடி அதன் கால்கள் அகன்றிருக்கிறதா எனக் கடையிலேயே வைத்துப் பாருங்கள். ஆடிக்காற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தகரத் தடுப்பு வேண்டும். டப்பாவையும் சேர்த்துச் சுற்றிவிட்டால் டப்பா சூடேறி வெடிக்கக்கூடும்.

கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு சொல்: சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வேக நேரமாகும். சிறு குக்கர் கனமானாலும் அங்கே பயன்படும்.

எந்த அடுப்பையும் கூடாரத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ பற்ற வைக்கலாகாது. தீ ஒருபுறமிருக்க, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உறங்குபவரை அப்படியே கொன்றுவிடும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, நம் மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி 9 பேர் மாண்டனர். லக்னோவிலிருந்து வந்த அவர்கள், தடையை மீறி எடுத்து வந்த எரிவாயு உருளையை வைத்துப் பெட்டிக்குள் சமைக்க முற்பட்டிருந்தனர். ரயிலில் மண்ணெண்ணெயும் எரிவாயுவும் கொண்டுசெல்லக் கூடாது. விமானத்திலும் வாயு டப்பாவுக்கு இடமில்லை. ரயிலேறுகிற நாளில் வாழையிலையில் கட்டிய புளிச்சோறும் துவையலும் போதும். இரவு வரை கெடாது.