பழைய டிஜிட்டல் காமிரா: பேணுதலும் பழுது பார்த்தலும்



நம்மில் பலருடைய வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியிலோ பழைய பில்களுக்கு நடுவிலோ, ஒரு சின்ன டிஜிட்டல் காமிரா இருக்கும். 2000-க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள், மும்பையிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் நாம் மறக்காமல் எடுத்துச் சென்றது அதைத்தான். தாத்தாவின் சதாபிஷேகம், குலதெய்வம் கோயிலில் குழந்தைக்கு முடியிறக்கியது, திண்ணை வைத்த பூர்வீக வீடு எல்லாம் அதில்தான் பதிவாயின. இன்று அந்த வீட்டை விற்றாயிற்று, தாத்தாவும் இல்லை. செல்போன் வந்த பிறகு காமிராவைத் தொடுவாரும் இல்லை. சமீப காலமாக நம் கல்லூரிப் பிள்ளைகள் அதைத் தேடி எடுத்து, "இந்தப் படத்தில் ஒரு தனி அழகு இருக்கிறது" என்று சொல்லி மீண்டும் உபயோகிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் காமிரா வேலை செய்யவில்லை என்றதும் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மின் பொறியியலில் டிப்ளமா படித்து, ரயில்வேயின் மின்சார இன்ஜின் பணிமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காமிரா பழுது பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. குடியிருப்பில் உள்ளவர்கள் கொண்டுவரும் காமிராக்களில் பாதிக்கு மேல் திறக்க வேண்டிய அவசியமே இருப்பதில்லை. எது திறக்காமல் தீரும், எதைத் திறக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் படங்கள்

காமிரா ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, உள்ளே இருக்கும் மெமரி கார்டை வெளியே எடுங்கள். கார்டில் உள்ள படங்கள் நுண்ணிய மின்னேற்றங்களாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை மெல்லக் கசியும். ஆகவே ஒரு கார்டு ரீடர் மூலம் கம்ப்யூட்டரில் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறோர் இடத்தில் வையுங்கள். ஒரு பிரதி ஊரில் இருக்கும் தங்கை வீட்டில் இருந்தால் மிகவும் நல்லது.

சாதாரண எஸ்.டி. கார்டு அல்லாமல் எக்ஸ்.டி. கார்டு, மெமரி ஸ்டிக் போன்ற பழைய வகைகளும் இருக்கலாம். இவற்றுக்குத் தனி ரீடர் தேவை. கடைக்கு கார்டையே கொண்டு போய்க் காட்டி வாங்குங்கள். பல காமிராக்களுக்குள் சிறிதளவு சொந்த நினைவகமும் உண்டு. கார்டு இல்லாமல் என்றோ எடுத்த படம் அங்கே இருக்கக்கூடும். கார்டை எடுத்துவிட்டு காமிராவை இயக்கினால் அது தெரியும்.

தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டால், அந்தக் கார்டில் அதன் பிறகு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். புதிய படம் அதே இடத்தில் எழுதப்படாத வரை, மீட்கும் மென்பொருள்களால் பழையதைத் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு.

திறக்காமல் தீரும் கோளாறுகள்

1. காமிரா உயிர் பெறவே இல்லை. இதற்குப் பெரும்பாலும் பேட்டரியே காரணம். பென்சில் செல் போடும் காமிராவாக இருந்தால், செல் கசிந்து தகடுகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். ஆல்கலைன் செல்லில் இருந்து கசிவது காரம். பஞ்சு சுற்றிய குச்சியில் இரண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்தால் கரையும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட வேறொரு குச்சியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. கண்ணைத் தேய்க்கக் கூடாது.

லித்தியம் பேட்டரியாக இருந்தால் முதலில் அதைத் தட்டையான மேஜையில் வைத்துப் பாருங்கள். வயிறு உப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அதை சார்ஜ் செய்யவோ, குத்தவோ, அழுத்தித் திணிக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். முனைகளின்மேல் டேப் ஒட்டி, பழைய பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி இவற்றை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. புதிய பேட்டரியை முதல் முறை சார்ஜ் செய்யும்போது பகலில், கண் எதிரில், மெத்தை துணிமணி எதுவும் அருகில் இல்லாமல் செய்யுங்கள்.

2. ஒவ்வொரு தடவையும் தேதி கேட்கிறது. கடிகாரத்துக்கென உள்ளே ஒரு சிறு செல் இருக்கிறது. பல காமிராக்களில் இது பெரிய பேட்டரியிலிருந்து தானே சார்ஜ் ஆகும். நல்ல பேட்டரியைப் போட்டு ஒரு நாள் முழுவதும் விட்டுவைத்துப் பாருங்கள்.

3. கார்டு பூட்டப்பட்டிருக்கிறது என்று எழுத்து வருகிறது. எஸ்.டி. கார்டின் இடது விளிம்பில் ஒரு சிறு தள்ளு பொத்தான் இருக்கும்; அதை மேலே தள்ளினால் போதும். கார்டையே ஏற்கவில்லை என்றால் அளவைப் பாருங்கள். ஆரம்பகால எஸ்.டி. காமிராக்கள் 2 ஜி.பி. வரைதான் ஏற்கும். 2006-க்குப் பின் வந்த எஸ்.டி.எச்.சி. வகை 32 ஜி.பி. வரை செல்லும். இன்று கடையில் கிடைக்கும் 64 ஜி.பி. கார்டைப் பழைய காமிராவில் போட்டுவிட்டு, காமிரா கெட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

4. லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது. ஜூஹு கடற்கரை மணல் ஒரு துகள் போதும், லென்ஸ் குழாய்களுக்கு இடையே சிக்கிக்கொள்ள. பேட்டரி தீர்ந்துபோனாலும் இப்படி நிற்கும். ஆகவே முதலில் முழு சார்ஜ் உள்ள பேட்டரியைப் போடுங்கள். பிறகும் நகரவில்லை என்றால், காமிராவை நிறுத்திப் பேட்டரியை எடுத்துவிட்டு, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்து ரப்பர் ஊதியால் சுற்றிலும் ஊதுங்கள். மெல்லிய காகிதத் துண்டை இடுக்கில் விட்டு மெதுவாகச் சுற்றி வாருங்கள். கையால் இழுத்தால் உள்ளே உள்ள பிளாஸ்டிக் பற்சக்கரம் உடையும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

5. லென்ஸ் மங்கல். முதலில் ஊதி, பிறகு மெல்லிய தூரிகை, கடைசியில் மைக்ரோஃபைபர் துணி. இந்த வரிசையை மாற்றக் கூடாது. தூசியோடு துடைத்தால் தூசியே உப்புத்தாளாகிவிடும். வேட்டி முனை, புடவைத் தலைப்பு இரண்டும் வேண்டாம். திரவத்தைத் துணியில்தான் விட வேண்டும். லென்ஸில் விடக் கூடாது.

உள்ளே இருக்கும் 300 வோல்ட்

இனி வரும் பகுதியைப் பிள்ளைகளுக்கு அவசியம் படித்துக் காட்டுங்கள்.

பேட்டரி 3.7 வோல்ட்தானே, அதில் என்ன ஆபத்து என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பிளாஷ் விளக்கில் உள்ள செனான் வாயு ஒளிர அந்த 3.7 வோல்ட் போதாது. ஆகவே ஒரு டிரான்சிஸ்டரும், விரல் நுனி அளவு டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து அதைச் சுமார் 300 வோல்ட்டாக உயர்த்தி, ஒரு கண்டென்சரில் சேர்த்து வைக்கின்றன. சில காமிராக்களில் பிளாஷை இயக்கியதும் மெல்லிய கீச்சொலி கேட்கிறதே, அது இந்தச் சுற்று வேலை செய்யும் ஒலிதான்.

கண்டென்சர் என்பது மின்சாரத்தைத் தேக்கும் தொட்டி. சிறிய காமிராவில் 100 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். 300 வோல்ட்டில் அதில் தேங்கும் ஆற்றல், பாதி பெருக்கல் கொள்ளளவு பெருக்கல் வோல்ட்டின் வர்க்கம் என்ற கணக்கின்படி 4.5 ஜூல். ஒரு கிலோ எடைக்கல் ஒன்றரை அடி உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் ஆற்றலுக்கு இது சமம். அவ்வளவும் கண் இமைப்பதற்குள் உடம்பு வழியாகப் பாயும். கை தூக்கி எறியப்படும், தோல் கருகலாம். ஒரு கையில் புகுந்து மறு கையில் வெளியேறினால் பாதை இருதயத்தின் வழியாகப் போகிறது. இருதய நோயாளிகளும், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் இந்த வேலைக்குக் கிட்டவே வரக் கூடாது.

பேட்டரியைக் கழற்றியதும் இது காலியாகிவிடாது. மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நிற்கும். ஒரு முறை பிளாஷ் அடித்தாலும் முழுவதும் தீராது.

ரயில்வேயில் 25,000 வோல்ட் மேல்நிலைக் கம்பியில் வேலை செய்ய ஒரு நடைமுறை உண்டு. சப்ளை நிறுத்தப்பட்டது என்று எழுத்து மூலம் அனுமதி வந்தாலும், டிஸ்சார்ஜ் ராடை மாட்டி எர்த் செய்த பிறகே ஆள் மேலே ஏறுவான். கம்பியில் மின்சாரம் இல்லை என்று யாரோ சொன்னதை நம்பி யாரும் கை வைப்பதில்லை. 25,000 வோல்ட்டுக்கு உள்ள அந்த ஒழுங்கு 300 வோல்ட்டுக்கும் பொருந்தும்.

திறந்தே ஆகவேண்டும் என்றால்

மல்டிமீட்டர் உபயோகிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் இதில் இறங்கலாம். தேவையான பொருள்கள்: நல்ல சிறு திருப்புளிகள், 1000 வோல்ட் வரை அளக்கும் மல்டிமீட்டர், 2 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் இன்சுலேஷன் உள்ள வயரும் மீட்டர் முள்ளும் சேர்த்து பற்றவைத்துக்கொள்ளுங்கள். உடலின் மேல் வெப்பம் தாங்கும் ஸ்லீவ் போடுங்கள். எல்லாம் லாமிங்டன் ரோட்டில் கிடைக்கும்.

பேட்டரியையும் கார்டையும் எடுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் காமிராவின் படம் வரைந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே டேப்பில் ஒட்டி வையுங்கள். நீளம் மாறிப் போட்டால் திருகாணி உள்ளே உள்ள பலகையைத் துளைக்கும். ஜப்பானியக் காமிராக்களின் திருகாணித் தலை ஜே.ஐ.எஸ். வகையைச் சேர்ந்தது, அதற்கேற்ற திருப்புளி இல்லாவிட்டால் தலை வழுக்கிவிடும்.

மூடி தளர்ந்ததும் ஓரங்களை மட்டும் பிடித்து மெதுவாக விலக்குங்கள். பிளாஷுக்கு அருகிலோ பேட்டரி அறையை ஒட்டியோ ஒரு விரற்கணு அளவு உருளை தெரியும். மேலே 300 அல்லது 330 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அதுதான் கண்டென்சர். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் நல்லது. எனவே மீட்டரின் ஒரு முள்ளில் கிளிப் இருந்தால் வசதி. டி.சி. 1000 வோல்ட் அளவில் வைத்து இரு கால்களுக்கும் இடையே அளவெடுங்கள். பிறகு ரெசிஸ்டரின் இரு முனைகளையும் அதே கால்களில் ஐந்து விநாடி வையுங்கள். 100 மைக்ரோஃபாரடும் 2 கிலோ ஓமும் சேர்ந்தால் ஒரு விநாடியிலேயே ஏறக்குறைய காலியாகிவிடும். மீதி நான்கு விநாடி நம் நிம்மதிக்கு. மறுபடியும் அளவெடுங்கள். சில நிமிடம் கழித்து இன்னொரு முறை அளவெடுங்கள், ஏனென்றால் கண்டென்சரில் சிறிது வோல்ட் தானாகத் திரும்பி ஏறுவதுண்டு.

திருப்புளியால் ஷார்ட் செய்து காலி பண்ணலாம் என்று சிலர் சொல்வார்கள். வெடிச் சத்தமும் தீப்பொறியும் வரும், உலோகம் தெறிக்கும், அருகிலுள்ள சில்லுகளும் போய்விடும். வேண்டாம்.

உள்ளே தட்டை ரிப்பன் கேபிள்கள் இருக்கும். அவற்றின் பூட்டை நகத்தால் நிமிர்த்திய பிறகே உருவ வேண்டும். எல்.சி.டி. திரை மாற்றுவது, உடைந்த பொத்தானைச் சரிசெய்வது வரை வீட்டில் செய்யலாம். லென்ஸ் தொகுதியைப் பிரிப்பதும், சென்சரைத் தொடுவதும் தொழிலில் கைதேர்ந்தவர் வேலை.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 2002 முதல் 2004 வரை வந்த காமிராக்கள் பலவற்றில் சி.சி.டி. சென்சரின் உள்ளிணைப்பு வெப்பத்திலும் ஈரத்திலும் விட்டுப்போனது. படம் ஊதா நிறமாகவோ, கோடு கோடாகவோ, முழுக் கறுப்பாகவோ வரும். 2005-இல் பல நிறுவனங்கள் இதை ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித் தந்தன. அந்தச் சலுகைக் காலம் முடிந்துவிட்டது. உங்கள் காமிராவில் இந்த அறிகுறி இருந்தால் திறந்து பயனில்லை.

மழைக்காலத்தில்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றின் ஈரம் லென்ஸுக்கு எதிரி. சிலந்தி வலை போல் லென்ஸுக்குள் தெரிவது பூஞ்சணம். தோல் உறையில் வைத்து பீரோவில் பூட்டுவது அதற்கு நாமே வீடு கட்டிக் கொடுப்பது போல. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீல நிறம் இளஞ்சிவப்பாகும். நீலத்தில் கோபால்ட் உப்பு இருப்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சே நல்லது. அரிசி டப்பாவில் புதைத்து வைப்பதால் தவிடும் மாவும்தான் உள்ளே போகும். பேட்டரியைப் பாதி சார்ஜில் தனியே எடுத்து வையுங்கள். மாதம் ஒரு நாள் காமிராவை வெளியே எடுத்துப் பத்துப் படம் எடுங்கள். ஓடும் இயந்திரம் கெடாது என்பது பணிமனையில் எல்லோரும் அறிந்தது.

தண்ணீரில் விழுந்தால் இயக்கிப் பார்க்காதீர்கள். பேட்டரியையும் கார்டையும் எடுத்து, மூடிகளைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். கடல் நீர் என்றால் காமிராவைக் காப்பது அரிது. ஆனால் கார்டை நல்ல தண்ணீரில் அலசி, நன்கு உலர்த்தினால் படங்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பழுது பார்க்கச் செலவு ஒரு பழைய காமிராவின் விலையை மிஞ்சினால், மனதைத் தேற்றிக்கொண்டு மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடலாம். கார்டு மட்டும் நம்மிடம் இருக்கட்டும்.

இந்த வாரமே பீரோவைத் திறந்து அந்தக் கார்டை எடுத்துப் பிரதி செய்துவிடுங்கள். வாசகர்கள் சந்தேகங்களைக் காமிராவின் மாடல் எண்ணோடு சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினால், தெரிந்தவரை அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.