பி.சி.ஜி. தழும்பு உணர்த்துவது யாது?

குழந்தையின் இடது மேற்கையில் பி.சி.ஜி. ஊசி போட்ட சில வாரங்களில் அவ்விடத்தில் ஒரு சிறு கொப்புளம் எழுகிறது. பின்னர் அது புண்ணாகிச் சற்றே சீழ் கண்டு, தானே ஆறித் தழும்பாகிறது. இதைக் கண்டு அஞ்சி மஞ்சளோ களிம்போ தடவும் தாய்மார் உண்டு. அப்புண்ணோ உடலின் எதிர்ப்பு வேலையே.

பி.சி.ஜி. உயிருள்ள கிருமியாகும். மாடுகளைப் பற்றும் காசநோய்க் கிருமியைக் கால்மெட், கெரேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், பித்தநீரில் வேகவைத்த உருளைக்கிழங்கில் 230 முறை மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்தனர். 1908-இல் தொடங்கிய இப்பணி 1921-இல் முடிவுற்றது.

நோய்த்தடுப்பைப் பற்றிக் கற்பிக்கும்போது இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களை மட்டும் கூறி நிறுத்திவிடுதல் வழக்கம். தொண்டை அடைப்பான் நோயின் நஞ்சை முறிக்க அவை போதும். காசநோய்க் கிருமியோ, தன்னை விழுங்க வந்த வெள்ளணுவின் உள்ளேயே குடியிருக்கும் தன்மையது. எதிர்ப்பொருள்கள் அங்கு எட்டுவதில்லை. ஆகவே வேறொரு படை வேண்டும். தோலில் புகுந்த பி.சி.ஜி. கிருமியின் கூறுகளைச் சில அணுக்கள் அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று 'டி' அணுக்களுக்குக் காட்டுகின்றன. அவற்றை இனங்கண்ட 'டி' அணுக்கள் பல்கிப் பெருகி, ஊசி போட்ட இடத்திற்கு வந்து, காமா இன்டர்பெரான் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அதனால் தூண்டப்பெற்ற விழுங்கணுக்கள் தம்முள் இருக்கும் கிருமியைக் கொல்லும் வலிமை பெறுகின்றன. இவ்வணுக்கள் திரண்ட இடமே அக்கொப்புளம்.

எனினும், 'டி' அணுக்கள் விழித்துக்கொண்டன என்பதாலேயே நோய் வராது என்று கருதலாகாது. 1968-இல் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்குபெற்றனர். ஊசி பெற்றோருக்குத் தோற்சோதனையில் தடிப்பு உண்டாயிற்று. ஆயினும், பதினைந்து ஆண்டுகள் கண்காணித்தும், பெரியோரின் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுத்ததாகத் தெரியவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் இனக்கிருமிகள் முன்னரே உடலைப் பழக்கியிருந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம் என்பர். ஆனால், கைக்குழந்தைகளைக் கொல்லும் காச மூளையுறை அழற்சியையும், உடலெங்கும் பரவும் காசநோயையும் இவ்வூசி பெருமளவு தடுக்கிறது. பிறந்தவுடன் போடுவது இதன்பொருட்டே.

தழும்பு உண்டாகாத குழந்தைக்கு மறுமுறை ஊசி வேண்டுவதில்லை என்பது 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை. தழும்புள்ள மாணவன் இரண்டு வாரங்களுக்கு மேல் இருமினால், தழும்பைக் காட்டி வாளாவிருத்தல் தகாது. சளிப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும்.