புயற்சேதமும் வீட்டுக் காப்பீடும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த தென்காசி, குற்றாலம் வட்டாரம் இரண்டு பருவக் காற்றுகளையும் ஏற்கும் நிலப்பகுதியாகும். ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே பாய்ந்து வரும் தென்மேற்குக் காற்று சாரலைக் கொணர்ந்து அருவிகளை நிறைக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை சிற்றாற்றையும் குளங்களையும் பெருகச் செய்கிறது. இவ்விரு பருவங்களாலும் நம் நிலம் விளைகிறது. இவ்விரு பருவங்களிலுமே வீட்டு ஓடுகள் பறக்கின்றன, சுவர்கள் சரிகின்றன.

வங்கிக் கடன் பெற்றுக் கட்டிய வீடுகள் பலவற்றுக்கு இன்று காப்பீடு உண்டு. ஆனால் தம் வீட்டுக்குக் காப்பீடு உள்ளது என்பதையே அறியாத குடும்பங்களும் உள. அறிந்து விண்ணப்பித்தவர்களுள்ளும், நிறுவனத்தினின்று மறுப்புக் கடிதம் வந்தவுடன் அதனைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவோர் பலர். மறுப்புக் கடிதம் முடிவான தீர்ப்பு அன்று. அது ஒரு காரணத்தைக் கூறுகிறது. அக்காரணத்துக்கு உரிய சான்றைக் காட்டினால் கோரிக்கை மீண்டும் ஆராயப்பட இடம் உண்டு. எக்காரணத்துக்கு எச்சான்று பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிவாரணம் வேறு, காப்பீடு வேறு

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க முடியாது. தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மாநில அரசு கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களின் குடும்பங்களுக்கு 6,000 ரூபாயும், தென்காசி மாவட்டத்தை உள்ளிட்ட ஏனைய பகுதிகளுக்கு 1,000 ரூபாயும் நிவாரணமாக அறிவித்தது. வீட்டுச் சேதத்துக்கும் தனி நெறிமுறை உண்டு. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஒன்றிய அரசு வகுத்த பேரிடர் நிவாரண நெறிமுறையின்படி, சமவெளியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாயும், பகுதி சேதமுற்ற உறுதியான வீட்டுக்கு 6,500 ரூபாயும் வரையறுக்கப்பட்டன.

இவை யாவும் துயருற்றோர்க்கு அரசு நீட்டும் உதவிக்கரமாகும். சரிந்த சுவரை மீண்டும் எழுப்ப 6,500 ரூபாய் போதாது என்பதைக் கொத்தனாரைக் கேட்டால் தெரியும். காப்பீடு என்பது பிரிமியம் செலுத்தி நாம் பெற்ற ஒப்பந்த உரிமை. உரிமையைக் கேட்பதில் கூச்சத்துக்கு இடமில்லை. எனினும், ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதையே கேட்க முடியும். ஆதலின் பத்திரத்தைப் படிப்பதே முதற்படியாகும்.

பத்திரம் கூறுவது யாது?

காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கென 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான பத்திரத்தைக் கொணர்ந்தது. தீ, நிலநடுக்கம், புயல், சூறாவளி, வெள்ளம், நீர் சூழ்தல், நிலச்சரிவு முதலிய இடர்கள் அதில் அடங்கும். கட்டடத்துக்குக் காப்பீடு செய்தால், வீட்டிலுள்ள பொதுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு வரை, 10 லட்சம் ரூபாய் எல்லைக்குள், தானாகவே பாதுகாப்புக் கிடைக்கிறது. இடிபாட்டை அகற்றும் செலவுக்குக் கோரிக்கைத் தொகையில் 2 விழுக்காடும், பொறியாளர் கட்டணத்துக்கு 5 விழுக்காடும் வரை பெறலாம். நனைந்து கெட்ட கட்டிலையும் தையல் இயந்திரத்தையும் கேட்க மறந்து, சுவருக்கு மட்டும் விண்ணப்பிப்போர் பலராதலால் இதனை வற்புறுத்திக் கூறுகின்றோம்.

வங்கிக் கடனில் கட்டிய வீடாயின், பத்திரம் பெரும்பாலும் வங்கியிடமே இருக்கும். அதன் நகலை இன்றே எழுத்து மூலம் கேட்டுப் பெறுக. வீட்டின் சுவரும் கூரையும் எத்தகையன என்று விண்ணப்பத்தில் உண்மையாகக் குறித்திருக்கின்றதா என்றும் நோக்குக. ஓலைக்கூரையைத் தளக்கூரை என்று எழுதியிருந்தால், பின்னர் அதுவே மறுப்புக்குக் காரணமாகிவிடும்.

மறுப்பின் நான்கு காரணங்கள்

முதற்காரணம்: "அன்று புயல் வீசவில்லை" என்பது. பெயர் சூட்டப்பட்ட புயல் மட்டுமே புயல் என்று நம்மவரும் எண்ணுகின்றனர். மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய சூறாவளிக்கே வானிலைத் துறை பெயர் சூட்டுகிறது. 2023 டிசம்பர் மழையைக் கொணர்ந்த வளிமண்டலச் சுழற்சிக்குப் பெயரே இல்லை. ஆயினும் பத்திரத்தில் 'வெள்ளம்', 'நீர் சூழ்தல்' என்னும் சொற்கள் தனியே உள்ளன. எனவே எந்த இடரால் சேதம் நேர்ந்ததோ அதன் பெயரையே கோரிக்கையில் எழுதுதல் வேண்டும். வெள்ளம் புகுந்த வீட்டுக்குப் 'புயற்சேதம்' என்று எழுதினால் வீண் வழக்குக்கு வழி பிறக்கும்.

இதற்குரிய சான்று மழைமானியின் கணக்கு. தென்காசி, செங்கோட்டை, ஆய்க்குடி, சங்கரன்கோவில், சிவகிரி ஆகிய ஊர்களிலும், கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் அணைகளிலும் மழை அளக்கப்படுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. காலை 8.30 மணிக்கு எடுக்கும் அளவு, அதற்கு முந்திய 24 மணி நேரத்துக்கு உரியது. ஆகவே 17ஆம் தேதி இரவு பெய்த மழை 18ஆம் தேதிக் கணக்கில் காணப்படும். தேதி பொருந்தவில்லை என்று நிறுவனம் கூறினால் இதனை எடுத்துக்காட்ட வேண்டும். காற்றினால் நேர்ந்த சேதமாயின், மின்கம்பம் சாய்ந்ததற்கு மின்வாரியத்திலும், மரம் விழுந்ததற்குத் தீயணைப்பு நிலையத்திலும் உள்ள பதிவுகள் உதவும்.

இரண்டாவது காரணம்: "இது நாட்பட்ட தேய்மானம், பழைய கசிவு" என்பது. சாரல் நாட்டில் மிகுதியாக எழக்கூடிய மறுப்பு இதுவே. மூன்று மாதச் சாரலில் ஊறிய சுவர் தானே உதிர்ந்தால் அதற்குக் காப்பீடு இல்லை. அது பராமரிப்பைச் சார்ந்தது. ஆனால் காற்று ஓட்டைப் பெயர்த்து, அத்திறப்பின் வழியே மழை புகுந்து, நனைந்த சுவர் சரிந்தால், சரிவுக்கு அடிப்படைக் காரணம் காற்றே ஆகும். இந்தக் காரணத் தொடரைப் படிப்படியாக எழுதிக் காட்ட வேண்டும். சேதத்துக்கு முன் வீடு நன்னிலையில் இருந்தது என்பதற்குப் பழைய புகைப்படமும், ஓடு மாற்றிய ரசீதும் சான்றாகும்.

மூன்றாவது காரணம்: தொகையைக் குறைத்தல். மீண்டும் கட்ட 20 லட்சம் ரூபாய் ஆகும் வீட்டை 10 லட்சத்துக்கே காப்பீடு செய்திருந்தால், பழைய முறைப் பத்திரங்களில், 2 லட்சம் ரூபாய்ச் சேதத்துக்கு 1 லட்சமே கிடைக்கும். குறைந்த காப்பீட்டுக்குரிய விதி இது. 'பாரத் கிருஹ ரக்ஷா' பத்திரத்திலோ இவ்விதி தளர்த்தப்பட்டுள்ளது. உங்கள் பத்திரம் எவ்வகை என்று அறியாமல், வந்த தொகைக்குத் தலையசைத்தல் கூடாது. தேய்மானம் கழித்திருப்பின், அதற்குப் பத்திரத்தில் எந்த விதி இடம் தருகிறது என்று கேட்க வேண்டும்.

நான்காவது காரணம்: தாமதமும் ஆவணக் குறைவும். உண்மையான கோரிக்கையைத் தாமதம் ஒன்றையே காட்டித் தள்ளலாகாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2011ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விடுத்தது. ஆவணம் இல்லை என்பதற்காகவே கோரிக்கையை மறுத்தல் ஆகாது என்பதை 2024ஆம் ஆண்டின் சுற்றறிக்கை வலியுறுத்துகிறது. சாலை துண்டிக்கப்பட்டது, மின்சாரமும் தொலைபேசியும் இல்லை என்னும் நிலையில் தாமதத்துக்குரிய காரணத்தை எழுதிக் கொடுத்தால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் நிலையை இங்குக் கூறுவது பயன்தரும். குற்றாலத்துக்கு அணித்தான ஒரு கிராமத்தில் அவர்களது ஓட்டு வீட்டின் முன்பகுதிக் கைம்மரங்கள் ஒரு மழைநாள் இரவில் முறிந்தன. கூடத்துச் சுவர் சரிந்தது. மதிப்பீட்டாளர் வந்து பார்த்துப் 'பழைய கசிவு' என்று எழுதினார். நிறுவனம் முழுக் கோரிக்கையையும் மறுத்தது. குடும்பத்தார் முறையீட்டில் தம் வறுமையை இரண்டு பக்கம் எழுதியிருந்தனர். மறுப்புக்குரிய காரணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அம்மனுவை மாற்றி எழுதுமாறு கூறினோம். இரண்டு மாதங்களுக்கு முன் அதே கூடத்தில் நடந்த வளைகாப்பின் புகைப்படத்தில் சுவர் உலர்ந்து, வெள்ளையடித்த நிலையில் காணப்பட்டது. அதனுடன் மழைமானிக் கணக்கும், கிராம நிர்வாக அலுவலர் நிவாரணத்துக்கென எழுதிய அறிக்கையின் நகலும், கொத்தனார், தச்சர் ஆகியோரின் செலவு மதிப்பீடும் இணைக்கப்பட்டன. மறு ஆய்வு நிகழ்ந்தது. கூரைக்கும் கூடத்துச் சுவருக்கும் பணம் கிடைத்தது. சமையலறைச் சுவருக்குக் கிடைக்கவில்லை. அச்சுவர் பல ஆண்டுகளாகவே ஊறி வந்தது என்பதைக் குடும்பத்தாரும் ஒப்புக்கொண்டனர். உள்ளதை உள்ளவாறு கேட்டதனாலேயே உள்ளது கிடைத்தது எனலாம்.

சேதம் நேர்ந்தவுடன் செய்யத்தக்கவை

உயிருக்குப் பாதுகாப்புத் தேடுவது முதற்கடமை. அதன்பின், எதனையும் அப்புறப்படுத்துமுன் கைப்பேசியில் படம் எடுத்திடுக. வீட்டின் முழுத்தோற்றம், ஒவ்வோர் அறை, சுவரில் நீர் நின்ற கோடு, பெயர்ந்த ஓடு ஆகிய யாவும் படத்தில் வர வேண்டும். மேலும் சேதம் பெருகாதவாறு தார்ப்பாய் போர்த்துதல் வீட்டாரின் பொறுப்பு. அச்செலவின் ரசீதையும் வைத்துக்கொள்க. நனைந்த பொருள்களை மதிப்பீட்டாளர் காணும் வரை எறிந்துவிடாதீர்.

நிறுவனத்துக்கு உடனே அறிவித்து, அறிவிப்பு எண்ணைக் குறித்துக்கொள்க. 2024ஆம் ஆண்டின் விதிமுறைப்படி, அறிவித்த 24 மணி நேரத்துள் மதிப்பீட்டாளர் நியமிக்கப்பட வேண்டும். 15 நாட்களில் அவர் அறிக்கை தர வேண்டும். அறிக்கை பெற்ற 7 நாட்களில் நிறுவனம் முடிவு செய்ய வேண்டும். மதிப்பீட்டாளர் வரும்போது வீட்டைக் கட்டிய கொத்தனாரை உடன் வைத்துக்கொள்வது நலம். அறிக்கையின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். பொதுத்துறை நிறுவனமாயின், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம்.

மதிப்பீட்டாளரின் அறிக்கை மதிக்கத்தக்கதே. ஆயினும் அது மாற்றவொண்ணாத கடைசிச் சொல் அன்று என்று உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனம் தொடர்பான வழக்கில் கூறியுள்ளது. அதே ஆண்டில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில், தனக்கு ஏற்ற அறிக்கை வரும் வரை மதிப்பீட்டாளர்களை ஒருவர் பின் ஒருவராக நிறுவனம் நியமித்தல் தகாது என்றும் தீர்ப்பளித்தது.

முறையிடும் படிகள்

முதற்படி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுவது. அதனுடனோ, அதன் பின்னரோ, ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' அமைப்பில் பதியலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 155255.

ஒரு மாதத்துள் விடை வராவிடினும், வந்த விடை நிறைவு தராவிடினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. நிறுவனத்தின் இறுதி மறுப்புக்குப் பின் ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். 2023ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களுக்குள் அதனை நிறைவேற்றுதல் வேண்டும்.

மற்றொரு வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையிடுபவர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்கிட இடம் தருகிறது. கால எல்லை இரண்டு ஆண்டுகள். ஆனால் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ வழக்கு நிலுவையில் இருக்கும்போது குறைதீர்ப்பாளர் அம்முறையீட்டை ஏற்கமாட்டார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இடையில், குறைந்த தொகையைக் காட்டி 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்னும் தாளில் கையொப்பம் கேட்கப்படலாம். அழுத்தத்தாலோ ஏமாற்றாலோ பெற்ற கையொப்பம் உரிமையைப் பறித்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1999ஆம் ஆண்டில் கூறியிருப்பினும், அதனைப் பின்னர் மெய்ப்பிப்பது எளிதன்று. ஆதலின் 'மேலும் கோரும் உரிமைக்கு உட்பட்டுப் பெறுகிறேன்' என்று எழுதியே கையொப்பமிடுக.

ஊராட்சி செய்யக்கூடியது

எழுதத் தெரிந்த ஒருவரின் உதவி இல்லாமையாலேயே பல நியாயமான கோரிக்கைகள் மடிகின்றன. ஒவ்வோர் ஊராட்சியும் பருவமழை தொடங்குமுன் நடக்கும் கிராமசபைக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துப் பேசலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் தம் உறுப்பினர் வீடுகளின் நான்கு புறமும் ஆண்டுக்கு ஒரு முறை படம் எடுத்துத் தேதியுடன் சேமித்து வைக்கலாம். பத்திரத்தின் எண்ணும், அது முடியும் நாளும் வீட்டுக் கதவின் உட்புறம் எழுதப்பட்டிருக்கட்டும்.

காற்றையும் மழையையும் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் அவை விட்டுச் சென்ற சேதத்துக்குரிய சான்றைத் திரட்டி வைப்பது நம் கையில் உள்ளது. இவ்வாண்டுச் சாரல் தொடங்குமுன், ஒவ்வொரு வீட்டாரும் தம் பத்திரத்தை எடுத்து ஒரு முறை படிப்பார்களாக. படிக்க இயலாதவர்க்கு அண்டை வீட்டுப் பிள்ளைகள் படித்துச் சொல்வார்களாக.