தூங்கிக் கிடந்த குளத்து விதிகளை நீதியாக நடைமுறைப்படுத்துதல்

மீளக்குடியமர்ந்த கிராமங்களின் கமக்காரர் அமைப்புகள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. யாப்பிலே விதி இருக்கிறது. பல வருடங்களாக அதை எவரும் கைக்கொள்ளவில்லை. இப்போது நடைமுறைப்படுத்த வெளிக்கிட்டால் ஊர் இரண்டாகப் பிரிகிறது. என்ன செய்யலாம்? திரியாயை மனதில் வைத்து இதைச் சிந்திப்போம்.

திரியாய் திருகோணமலை நகருக்கு வடக்கே, குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கும் பழைய வயலூர். 1985 இல் அங்கிருந்த மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2002 போர்நிறுத்தத்தின் பின்னரே குடும்பங்கள் திரும்பத் தொடங்கின. இடையில் ஒரு தலைமுறை முகாமிலும் உறவினர் வீட்டிலும் வளர்ந்துவிட்டது. ஆளில்லாத வெளியிலே காடு ஏறும், வாய்க்கால் தூர்ந்துபோகும், குளக்கட்டில் மரம் வேரோடும். அவற்றைக் கண்ணால் காணலாம். யார் எத்தனை முழம் வாய்க்கால் வெட்ட வேண்டும், எந்தத் தேதிக்கு முன் வேலி அடைக்க வேண்டும், பட்டி மாட்டை எங்கே ஒதுக்க வேண்டும் என்ற ஒழுங்கு தூர்ந்துபோனதை அப்படிக் காண முடியாது. அதைத் தெரிந்திருந்த பெரியவர்கள் பலர் ஊர் திரும்பவேயில்லை.

இந்த ஒழுங்கு எமக்குப் புதியது அல்ல. குளக்கோட்டன் கந்தளாய்க் குளத்தைக் கட்டியதோடு நில்லாமல் யார் எந்தத் தொழும்பைச் செய்வது என்றும் வகுத்தான் என்று கோணேசர் கல்வெட்டு கூறுகிறது. பிற்காலத்தில் வட்டவிதானை இருந்தார். விளைச்சலில் அவருக்கு ஒரு பங்கு நெல் கொடுக்கப்பட்டது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அவருடைய இடத்திலே பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. 1979 இல் கமநல சேவைகள் சட்டம் வந்தது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழேயே கமக்காரர் அமைப்புகள் இன்று பதிவு செய்யப்படுகின்றன. பதிவுக்கு யாப்பு வேண்டும் என்பதால் பல அமைப்புகள் ஒரு மாதிரி யாப்பை எடுத்து, ஊர்ப் பெயரை நிரப்பிக் கையொப்பமிட்டன. பிறகு அது கோப்பிலேயே கிடந்தது.

உதாரணம் ஒன்றை எடுப்போம். ஒரு குடும்பம் ஊர் திரும்பிய காலத்தில் வாய்க்கால் கரையின் ஒதுக்கு நிலத்தில் வாழை வைத்தது. நிர்வாகசபையினர் அவ்வழியே போய்வந்தார்கள். குலையும் வாங்கிச் சென்றார்கள். பன்னிரண்டு வருடம் கழித்துப் புதிய செயலாளர் வருகிறார். யாப்பைப் படிக்கிறார். “ஏழு நாளில் அகற்றவும்” என்று கடிதம் கொடுக்கிறார். கடிதம் அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் போகிறது. அதே வாய்க்காலில் மேலே தலைவரின் மைத்துனர் வைத்த தென்னைக்குக் கடிதம் இல்லை.

செயலாளர் விதிப்படிதான் நடந்தார். ஆனாலும் அவர் செய்தது அநீதி. பல வருட மௌனத்தை அந்தக் குடும்பம் சம்மதம் என்று நம்பியது. அந்த நம்பிக்கையில் உழைப்பையும் காசையும் போட்டது. ஒரு விதியைத் தூங்க விட்டவர்கள் அதை எழுப்பும்போது ஒருவரை மட்டும் தட்டி எழுப்பக் கூடாது.

இது எமக்கு விளங்காத காரியமா? நாம் இல்லாத காலத்தில் எமது காணிக்குள் எல்லைக்கல் போடப்பட்டது என்ற முறைப்பாடு இம்மாவட்டத்தில் எத்தனை ஊர்களில் கேட்கிறது! 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்பொருட்களுக்கென ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோதும் எமது மக்கள் கேட்டது இதையே: எம்மைக் கேளாமல், அறிவிக்காமல், ஒரு சாராருக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம்? அரசிடம் இதைக் கேட்கும் நாம் அயலவருக்கு அதையே செய்தால் எமது கேள்வி பலமிழந்துபோகும்.

ஆகவே கடிதத்தை எழுத முன்னர் பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்கள். யாப்பை உரத்து வாசியுங்கள், எழுத்தறியாதவர்களும் கேட்கட்டும். ஒவ்வொரு விதியையும் பற்றி, இது இன்னும் தேவைதானா என்று கேளுங்கள். தேவையில்லாததை நீக்குங்கள். வீட்டுக்கு ஓர் ஆண் மண்வெட்டியோடு வரவேண்டும் என்ற விதி, போரிலே கணவனை இழந்த பெண் தலைமை தாங்கும் வீட்டுக்கு எப்படிப் பொருந்தும்? அவர் தாமே வரலாம், ஆள் விடலாம், வேலை செய்வோருக்குச் சமைத்துக் கொடுக்கலாம் என்று மாற்றி எழுதுங்கள். கைக்கொள்ள முடியாத பத்து விதியிலும் கைக்கொள்ளும் நான்கு விதி மேல்.

அடுத்து, ஒரு தேதியைக் குறியுங்கள். அதற்கு முந்திய மீறல்களுக்குத் தண்டம் இல்லை. அதற்குப் பிந்தியவை எல்லாருக்கும் ஒன்று. இடம்பெயர்ந்திருந்த வருடங்களின் சந்தாவையும் சிரமதானப் பாக்கியையும் கேட்கவே கூடாது. நாட்டின் சட்டமே இந்த நியாயத்தை ஏற்றிருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போராட்டச் சூழலால் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக் கூடாது என்றது. அதன் கீழ் வழக்கிட இரண்டு வருட அவகாசமே இருந்தது, அது முடிந்துவிட்டது. அதன் நியாயத்தை ஊர்க் கணக்கில் பாவிக்க எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

ஆனால் மன்னிப்பு வேறு, தொடரும் கேடு வேறு. அலைகரையை அடைத்து உழுதவருக்குப் பழைய தண்டம் வேண்டாம். குளத்தை அவருக்கு விட்டுக்கொடுக்கவும் முடியாது. நீர் ஏறும் நிலம் சுருங்கினால் கடைமடைக்காரரின் சிறுபோகம் போய்விடும். நிற்கும் பயிரை அறுக்க விடுங்கள். அடுத்த போகத்துக்கு உழ விடாதீர்கள். அவருக்கு வேறு நிலம் இல்லை என்றால் பிரதேச செயலகத்தில் காணி கேட்க அமைப்பே அவரோடு போகட்டும்.

விசாரிப்பது யார் என்பது பெரிய விடயம். ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் பேராலய வாசலில் வியாழன் தோறும் நண்பகலில் ஒரு தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. எட்டு வாய்க்கால்களின் கமக்காரர் தெரிந்தெடுத்தவர்கள் அதில் அமர்வார்கள். வழக்கு வாய்ப்பேச்சிலேயே நடக்கும். எந்த வாய்க்காலில் பிணக்கோ அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் சேர்வதில்லை. 2009 இல் யுனெஸ்கோ இதை உலகப் பண்பாட்டு மரபாக ஏற்றது. எமது ஊர்களில் எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான். அதனாலேயே இந்த ஏற்பாடு எமக்கு இன்னும் அதிகம் தேவை: மேல்வெளிப் பிணக்கைக் கீழ்வெளியார் விசாரிக்கட்டும். நிர்வாகசபையினரின் மீறல்களை முதலில் எடுக்கட்டும். தலைவரின் மைத்துனரின் தென்னையிலிருந்து தொடங்கினால் வாழைக்காரர் தாமாகவே கத்தியை எடுப்பார்.

பொதுச் சொத்துகளைப் பல நாடுகளில் ஆராய்ந்து 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம் அம்மையார், நீண்டகாலம் நிலைத்த நீர்ப்பாசன அமைப்புகளில் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதைக் கண்டார். முதல் தடவை வாயால் சொல்லுங்கள். இரண்டாம் தடவை எழுதிக் கொடுங்கள். பிறகு சிறு தண்டப்பணம்; அதற்குப் பற்றுச்சீட்டு கட்டாயம். பயிர் நிற்கும்போது துரிசை மூடித் தண்ணீரை மறிப்பதைத் தண்டனை என்று நாம் ஏற்கமாட்டோம், அது பழிவாங்கல். அடங்காதவரின் விடயத்தைக் கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

இன்னும் ஊர் திரும்பாதவர்களை மறக்க வேண்டாம். பலரின் வயலை வேறொருவர் குத்தகைக்குச் செய்கிறார். வாய்க்கால் வெட்டும் கடமை செய்கைக்காரருடையது என்று யாப்பில் தெளிவாக எழுதுங்கள். காணிக்காரர் நகரிலோ தமிழ்நாட்டிலோ இருந்தாலும் அவருக்கும் தகவல் போகட்டும். அறிவித்தல் இப்படி இருக்கலாம்:

“எமது அமைப்பின் பொதுக்கூட்டம் திருத்திய விதிகள் இத்துடன் உள்ளன. வரும் காலபோக ஆரம்பக் கூட்டத் தேதியிலிருந்து இவை நிர்வாகசபையினர் உட்பட எல்லாருக்கும் பொருந்தும். அதற்கு முந்தியவற்றுக்குத் தண்டம் இல்லை. உங்களுக்கு ஆட்சேபனை இருந்தால் அக்கூட்டத்துக்கு முன் நேரிலோ, கடிதத்திலோ, தொலைபேசியிலோ, உறவினர் மூலமோ தெரிவியுங்கள். அதைக் கூட்டத்தில் வாசித்து, முடிவை உங்களுக்கு எழுதுவோம்.”