அக்ரிலிக் கட்டிக்குள் பால்மர இலை

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் உழைத்த நம் பெரியோர்க்குச் சோறிட்டது பால்மரம். 1917ஆம் ஆண்டில் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகேயுள்ள தென்னமரம் தோட்டத்தில், நாட்டிலேயே முதன்முறையாக வாணிப நோக்கில் செம்பனை நடப்பெற்றது. நாளடைவில் பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை இடம்பெற்றது. பால்மரத்தின் மூன்று சிற்றிலைகளையும் புள்ளியிட்ட விதையையும் நேரில் காணும் வாய்ப்பு நம் சிறுவர்க்குக் குறைந்து வருகிறது.

அவற்றை வகுப்பறையில் காட்ட ஒரு வழி, அக்ரிலிக் எனும் தெளிந்த பிளாஸ்டிக்கில் பதித்து வைப்பதாகும். 1930களில் விற்பனைக்கு வந்த இப்பொருள், தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 92 விழுக்காட்டை ஊடுருவ விடும். எடையோ கண்ணாடியில் பாதியே.

இஃது எவ்வாறு கட்டியாகிறது? மங்கில் சேர்த்த பாலில் அமிலம் கலந்தால் பால் உறைவதை நாம் அறிவோம். அங்கே, பாலில் முன்பே உள்ள இரப்பர்த் துகள்கள் ஒன்றுகூடுகின்றன. அக்ரிலிக் நீர்மத்தில் வினையூக்கியைக் கலந்தாலோ, சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகப் பிணைந்து கெட்டிப்படுகின்றன. அப்போது வெப்பம் வெளிப்படும். விரைந்து உறைய விட்டால் குமிழிகள் தோன்றும், இலையும் பழுப்பேறும். ஆதலால் பட்டறைகளில் நீர்மத்தைப் படலம் படலமாக ஊற்றி, அழுத்தக் கலத்தில் மெல்ல உறைய விடுவர். பின்னர் தேய்த்து மெருகிடுவர்.

இவற்றுக்கெல்லாம் முதற்படி உலர்த்துதலே. ஈரம் எஞ்சினால் இலையைச் சுற்றி வெண்மை படரும். பின்பு திருத்த இயலாது. இலையைச் செய்தித்தாள்களுக்கிடையே பரப்பிப் பளுவேற்றி, தாளை நாள்தோறும் மாற்றுக. விதை உலர நெடுநாளாகும். அதனைச் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய கலத்தில் வைக்கலாம்.

அக்ரிலிக் நீர்மத்தின் ஆவி எளிதில் தீப்பற்றும். மூச்சுக்கும் தோலுக்கும் தீங்கு செய்யும். மாணவர் அதனைக் கையாளலாகாது. பள்ளியில், உலர்ந்த இலையை இரு அக்ரிலிக் தகடுகளுக்கிடையே வைத்து ஓரங்களை ஒட்டினாலே போதும்.

இறுதியாக, மரத்தின் பெயர், தோட்டத்தின் பெயர், பறித்த நாள் ஆகியவற்றைப் பெரியோரைக் கேட்டு எழுதி இணையுங்கள். குறிப்பில்லாத இலை வெறும் அழகுப்பொருள். குறிப்புடைய இலையோ, அத்தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிய பின்னும், அங்கே பால்மரம் நின்றதற்குச் சான்று கூறும். ஒரு மரமேனும் எஞ்சியிருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவது நன்று.